கத்திரி வெயிலில் படைப்பயிற்சி: வெப்பத் தாக்கைத் தடுக்க வரிசை மாறாமல் செய்ய வேண்டியவை

திருத்தணிக்கும் நகரிக்கும் இடைப்பட்ட ஊர்களில், ஏரி வற்றத் தொடங்கும் மார்ச் மாதத்திலிருந்தே ஏரி உள்வாயிலும் பள்ளி மைதானத்திலும் இளைஞர்கள் விடியலுக்கு முன் ஓடத் தொடங்கிவிடுகிறார்கள். ராணுவ ஆள்சேர்ப்பில் முழு மதிப்பெண் பெற 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓட வேண்டும். மத்தியக் காவல் படைகளுக்கு 5 கிலோமீட்டரை 24 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். இவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்களில் பெரும்பாலோர் என்னைப் போலப் படையிலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர்கள். இந்த வழிகாட்டியை அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

ஓடுபவருக்காக எழுதாததற்குக் காரணம் உண்டு. உடல் வெப்பம் ஏறும்போது மூளையும் சேர்ந்து தடுமாறுவதால், தனக்கு என்ன நேர்கிறது என்பதை ஓடுபவனால் சரியாக எடைபோட முடிவதில்லை. அதிலும் மன உறுதி மிகுந்தவன், "இன்னும் ஒரு ரவுண்டு மாஸ்டர்" என்று கேட்பவன், மற்றவர்களைவிட முன்னதாக விழுகிறான். எனவே அவனைக் காக்கும் ஏற்பாடு முழுவதும் பயிற்றுநரின் கையில், அதுவும் ஓட்டம் தொடங்குவதற்கு முன்பே, இருந்தாக வேண்டும்.

1. விசில் ஊதுவதற்கு முன் மைதானத்தில் இருக்க வேண்டியவை

புதிதாகப் பயிற்சி நடத்த வருபவர் முதலில் ஓடுதளத்தை அளப்பார், சுண்ணாம்புக் கோடு போடுவார், ஸ்டாப்வாட்ச் வாங்குவார். குளிர்விக்கும் ஏற்பாட்டை "யாராவது விழுந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவார். வரிசை இங்கேயே தவறிவிடுகிறது. வெப்பத் தாக்கு, அதாவது உடல் வெப்பம் மிகுதியாக ஏறி மூளை தடுமாறும் நிலை, வந்தவனின் உயிரும், பிழைத்தபின் அவனுடைய சிறுநீரகமும் ஈரலும் மூளையும், முதல் அரைமணி நேரத்துக்குள் அவன் உடல் வெப்பம் இறக்கப்பட்டதா என்பதைப் பொறுத்திருக்கின்றன. அந்த அரைமணி நேரத்தில் பனிக்கட்டி தேடி ஊருக்குள் ஆள் அனுப்பிக்கொண்டிருக்க முடியாது.

ஆகவே முதலில் ஒரு நல்ல தார்ப்பாய், ஆறடிக்கு எட்டடி அளவாவது இருக்கட்டும். அதில் ஊற்ற 150 லிட்டர் தண்ணீர் டிரம்மில் நிறைந்திருக்க வேண்டும். தெர்மகோல் பெட்டியில் உடைத்த ஐஸ்கட்டி 20 கிலோ; மீன் விற்பவர்களுக்கு ஐஸ் வரும் இடத்தில் முதல் நாள் மாலை சொல்லி வைத்தால் விடியற்காலையில் கிடைத்துவிடும். நான்கு பருத்திப் படுக்கை விரிப்புகள், ஒரு குவளை, ஒரு பெரிய துண்டு. இவை எல்லாம் மர நிழலில், ஓட்டம் முடியும் இடத்துக்கு அருகில் இருக்கட்டும். கடைசி இருநூறு மீட்டரில் வேகம் கூட்டும்போதும் கோட்டைத் தாண்டியபின்னும் விழுபவர்களே அதிகம்.

இரண்டாவதாக, ஒரு வண்டி நின்றிருக்க வேண்டும். அதன் சாவி யாரிடம் உள்ளது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் ஆம்புலன்ஸ் எண் 108 தான் என்றாலும், எல்லையை ஒட்டிய மைதானத்தில் நம் கைப்பேசி எந்த மாநிலத்துக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைப்பு போய்விடக்கூடும். மைதானம் இருக்கும் ஊர், மண்டலம் அல்லது வட்டம், அருகிலுள்ள கோயிலோ ரயில்வே கேட்டோ, இவற்றைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதிய அட்டை ஒன்றை முதலுதவிப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவையுங்கள். பதற்றத்தில் எனக்கே ஒருமுறை பக்கத்து ஊரின் பெயர் தெலுங்கில் வாயில் வரவில்லை.

மூன்றாவதாக, எடை பார்க்கும் இயந்திரமும் ஒரு நோட்டுப் புத்தகமும். இவற்றின் பயன் ஆறாவது படியில் தெரியும்.

2. இன்று யாரை ஓட விடக்கூடாது என்று தீர்மானித்தல்

மூன்று ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பையன், காலை ஆறரை மணிக்கு, வெயில் சரியாக ஏறுவதற்கு முன்பே விழுந்தான். அன்று வெயிலை மட்டும் பார்த்திருந்தால் யாரும் அஞ்சியிருக்க மாட்டார்கள். அவன் முந்தைய இரவு முழுவதும் விசைத்தறிக் கூடத்தில் ஷிப்ட் பார்த்துவிட்டு, தூங்காமல், ஒரு டீ மட்டும் குடித்துவிட்டு நேராக மைதானத்துக்கு வந்திருந்தான். இரண்டு நாள் முன்பு காய்ச்சல் வேறு இருந்திருக்கிறது. நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அவன் சொல்லியிருப்பான். அவன் பிழைத்துக்கொண்டான். அந்தத் தவறு என்னுடையது, அதனால்தான் இந்தப் படியை இரண்டாவதாக வைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு நாளும் வரிசையில் நிற்க வைத்து, பெயர் கூப்பிடும்போதே ஐந்து கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். நேற்று இரவு எத்தனை மணி நேரம் தூங்கினாய்? கடந்த மூன்று நாளில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வாந்தி இருந்ததா? நேற்று மது அருந்தினாயா? மாத்திரை, பொடி ஏதாவது சாப்பிடுகிறாயா? காலையில் சிறுநீர் என்ன நிறத்தில் போனது? கூட்டமாகக் கேட்டால் எல்லோரும் "எல்லாம் நல்லா இருக்கு மாஸ்டர்" என்றுதான் சொல்வார்கள். ஒரு கேள்விக்குத் தவறான பதில் வந்தால் அன்று அவனுக்கு நடை மட்டும். இரண்டுக்கு வந்தால் நிழலில் உட்கார்ந்து நேரம் குறிக்கும் வேலை.

மாத்திரை பற்றிய கேள்விக்குக் கூடுதல் கவனம் தேவை. சளிக்கும் அலர்ஜிக்கும் மருந்துக் கடையில் தாமாகவே வாங்கிப் போடும் மாத்திரைகளில் சில வியர்வையைக் குறைக்கும், சில தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். முழங்கால் வலிக்காகப் போடும் வலி நிவாரணிகள், நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்தைப் பாதிக்கும். உடற்பயிற்சிக் கூடங்களில் விற்கும் ஊக்கப் பொடிகளில் காஃபீன் மிகுதியாக இருக்கிறது. அது களைப்பை மறைத்துவிடுவதால், நிற்க வேண்டிய இடத்தில் பையன் நிற்பதில்லை.

விரத காலங்களையும் நினைவில் வையுங்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்க ஒரு வேளை மட்டும் உண்பவர்களும், ரமலான் நோன்பு இருப்பவர்களும் நம் மைதானத்தில் இருப்பார்கள். அவர்களுடைய விரதத்தைக் குறை சொல்லாமல், அந்த நாட்களில் ஓட்டத்தின் நேரத்தையும் கடுமையையும் மாற்றிக்கொடுப்பது நம் கடமை. உடல் பருமனாக இருப்பவர், முன்பு ஒருமுறை வெப்பத்தால் விழுந்தவர், உடம்பெல்லாம் வேர்க்குரு பூத்தவர் ஆகியோரின் பெயர்களுக்கு எதிரே நோட்டில் ஒரு சிவப்புப் புள்ளி இட்டு, ஓட்டத்தில் அவர்களை எப்போதும் கண்ணில் படும்படி முன் வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள். வேர்க்குருவைச் சிறியதாக எண்ணக் கூடாது. வியர்வை நாளங்கள் அடைபட்ட தோலால் உடலைக் குளிர்விக்க முடியாது.

3. உடலை வெயிலுக்குப் பழக்குதல்: பதினான்கு நாட்கள்

"நாங்கள் இந்த மண்ணில் பிறந்தவர்கள், வெயில் எங்களுக்குப் பழகியது" என்ற பேச்சை அடிக்கடி கேட்கிறேன். அதில் பாதி உண்மை. கழனியிலும் கல் குவாரியிலும் வேலை செய்பவனுக்கு அது பொருந்தும். சென்னையில் குளிரூட்டிய அறையில் வேலை பார்த்துவிட்டு விடுப்பில் வந்தவனுக்கும், தேர்வுக்காக இரண்டு மாதம் வீட்டுக்குள் படித்தவனுக்கும் பொருந்தாது. வெயிலை விட்டு விலகினால் இரண்டு முதல் நான்கு வாரங்களில் அந்தப் பழக்கம் பெரும்பாலும் போய்விடும். நீலகிரியில் உள்ள வெலிங்டன் படை மையத்தின் மலைக் குளிரில் பயிற்சி முடித்து மே மாதத்தில் ஊருக்கு வரும் இளம் சிப்பாயும், வெயிலைப் பொறுத்தவரை முதல் நாளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

உடல் பழகும்போது என்ன நடக்கிறது என்பதை அறிந்தால் பொறுமை வரும். முதல் வாரத்துக்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. அதனால் அதே வேகத்துக்கு இதயத் துடிப்பு குறைகிறது. அடுத்து வியர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும் சுரக்கிறது. அதில் போகும் உப்பும் குறைகிறது. இவை முழுமை பெற ஏழு முதல் பதினான்கு நாட்கள் ஆகும். மன வலிமையால் இந்த நாட்களைச் சுருக்க முடியாது.

வெயிலுக்கு முற்றிலும் புதியவருக்கு முதல் நாள் வழக்கமான பயிற்சி நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கொடுத்து, பின் ஒவ்வொரு நாளும் ஐந்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். முன்பு பழகியிருந்து இடைவெளிக்குப் பின் வருபவருக்கு முதல் நாள் பாதி, இரண்டாம் நாள் அறுபது விழுக்காடு, மூன்றாம் நாள் எண்பது, நான்காம் நாள் முழுவதும். இந்த நாட்களில் நேரத்தைக் கூட்டலாம், வேகத்தைக் கூட்டக் கூடாது. முழு வேகத்தில் 1.6 கிலோமீட்டரை அளந்து பார்ப்பது இரண்டாம் வாரத்தின் முடிவில்தான்.

இங்கே நான் அடிக்கடி காணும் பிழை, ஆள்சேர்ப்பு அறிவிப்பு வந்தவுடன் புதிதாக இருபது பேர் சேர்ந்து, ஏற்கெனவே மூன்று மாதம் ஓடியவர்களுடன் ஒரே குழுவாக ஓடுவது. கூட்டத்தின் வேகத்தை முன்னால் ஓடுபவன் தீர்மானிக்கிறான். அதற்கான விலையைக் கடைசியில் ஓடுபவன் கொடுக்கிறான். குழுக்களைச் சேர்ந்த தேதியைக் கொண்டு பிரியுங்கள்.

4. வெப்பத்தை அளத்தல்

கைப்பேசியில் தெரியும் வெப்பநிலையை மட்டும் நம்பிப் பயிற்சியைத் தீர்மானிப்பது போதாது. ஓடும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் முக்கால் பங்கு வெப்பமாகிறது. அதை வெளியேற்ற வெயில் காலத்தில் நமக்கு இருக்கும் பெரிய வழி, வியர்வை தோலின் மேல் உலர்வதுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் உலர்ந்தால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வியர்வை எதையும் எடுத்துச் செல்வதில்லை. காற்றில் ஈரம் கூடினால் வியர்வை உலராது.

இதனால்தான் படைகள் ஈரக்குமிழ், கருங்கோளம், உலர்குமிழ் என்ற மூன்று வெப்பமானிகளின் அளவைச் சேர்த்துக் கணக்கிடுகின்றன. 1950களில் அமெரிக்கப் படைப் பயிற்சி முகாம்களுக்காக உருவான இந்த முறையில், ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவில் 70 விழுக்காடு, கறுப்பு வண்ணம் பூசிய கோளத்துக்குள் உள்ள வெப்பமானியின் அளவில் 20 விழுக்காடு, நிழலில் உள்ள சாதாரண வெப்பமானியின் அளவில் 10 விழுக்காடு ஆகியவற்றைக் கூட்ட வேண்டும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். வறண்ட மே மாதப் பகல்: நிழலில் 38 டிகிரி, ஈரக்குமிழ் 27, கருங்கோளம் 45. கூட்டினால் 18.9 + 9 + 3.8 = 31.7. மழைக்குப் பிறகு வந்த புழுக்கமான நாள்: நிழலில் 33 டிகிரிதான், ஆனால் ஈரக்குமிழ் 29, கருங்கோளம் 42. கூட்டினால் 20.3 + 8.4 + 3.3 = 32. கைப்பேசியில் ஐந்து டிகிரி குறைவாகக் காட்டிய நாளே ஓடுபவனுக்கு அதிக ஆபத்தான நாள். "இன்றைக்கு மூட்டமாக இருக்கிறது, நன்றாக ஓடலாம்" என்று சொல்லும் முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த மூன்றையும் சேர்த்துக் காட்டும் கையடக்கக் கருவி விலைக்குக் கிடைக்கிறது. ஊர் இளைஞர்கள் சேர்ந்து பணம் போட்டு வாங்குவதில் முதலிடம் இதற்கே கொடுக்கலாம். அதுவரை, நிழலில் பத்து நிமிடம் மெதுவாக நடந்தபின் முன்கையில் வியர்வை உலர்கிறதா, வழிகிறதா என்று பாருங்கள். வழிந்தால் அன்றைய திட்டத்தைப் பாதியாகக் குறையுங்கள். இது அளவீடு ஆகாது. ஆனால் ஒன்றும் பார்க்காமல் ஓட விடுவதைவிட மேலானது.

5. வேலையும் ஓய்வும்: ஒரு மணி நேரத்தைப் பிரித்தல்

மேலே சொன்ன அளவு 25.6 டிகிரியைத் தொட்டதிலிருந்து கடும் பயிற்சிக்குக் கட்டுப்பாடு தேவை. வெயிலுக்குப் பழகிய வீரர்களுக்கு அமெரிக்கப் படை பின்பற்றும் பகுப்பின்படி, அந்த அளவில் ஒரு மணி நேரத்தில் 40 நிமிடம் கடும் வேலை, 20 நிமிடம் ஓய்வு. 27.8 டிகிரியிலிருந்து பாதிக்குப் பாதி. 31.1 டிகிரியைத் தாண்டினால் 20 நிமிடம் வேலை, 40 நிமிடம் ஓய்வு. 32.2 டிகிரியைத் தாண்டினால் 10 நிமிடம் மட்டும் வேலை. அந்த நிலையில் தவிர்க்க முடியாத பணி தவிரப் பயிற்சியையே நிறுத்திவிடுவது அங்கு வழக்கம்.

நம் பிள்ளைகள் போரில் இல்லை. ஒரு நாள் ஓடாவிட்டால் எதுவும் கெட்டுவிடாது. பழகாதவர்களை 29.4 டிகிரியிலும், பழகியவர்களை 31.1 டிகிரியிலும் நான் நிறுத்திவிடுகிறேன். சித்திரை, வைகாசி மாதங்களில் ஏழரை மணிக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்பது இதிலிருந்து தானாகவே வரும் முடிவு.

ஓய்வு என்பது நிழலில், சட்டைப் பொத்தான்களைத் திறந்து, காலணி தளர்த்தி உட்காருவது. வெயிலில் வட்டமாக நிற்க வைத்து அறிவுரை சொல்வதை ஓய்வுக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டு வாளிகளில் ஐஸ் போட்ட தண்ணீர் வைத்து, முழங்கை வரை ஐந்து நிமிடம் கைகளை அமிழ்த்தச் சொன்னால் உடல் வெப்பம் நன்றாக இறங்கும். முன்கையில் தோலுக்கு அருகே ஓடும் ரத்தம் குளிர்ந்து உள்ளே திரும்புகிறது.

கடுமையான நாளுக்கு அடுத்த நாளை இலகுவாக வையுங்கள். முந்தைய நாளின் வெப்பச் சுமை அடுத்த நாளுக்கும் தொடர்வதால், தொடர்ந்து இரண்டு மூன்று கடும் நாட்களுக்குப் பின் மிதமான காலையிலும் ஆட்கள் விழுகிறார்கள்.

6. தண்ணீரும் உப்பும்

இந்தப் படியில் இரண்டு எதிரெதிர்ப் பிழைகள் உண்டு. "ஓடும்போது தண்ணீர் குடித்தால் வயிறு பிடிக்கும்" என்று குடிக்க விடாமல் வைப்பது பழைய பிழை. ஆளுக்கு இவ்வளவு என்று மிரட்டிக் குடிக்க வைப்பது புதிய பிழை. இரண்டாவதும் உயிரைப் பறிக்கும். அளவுக்கு மீறிய தண்ணீர் ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து, மூளையை வீங்க வைத்துவிடுகிறது. எனவே எவ்வளவு வெயிலானாலும் ஒரு மணி நேரத்தில் 1.4 லிட்டரையும், ஒரு நாளில் 11 லிட்டரையும் தாண்டக் கூடாது. சாதாரணப் பயிற்சிக்கு மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை, சிறிது சிறிதாகக் குடித்தால் போதும்.

தனக்கு எவ்வளவு தேவை என்பதை அறிய எடை இயந்திரம் உதவும். பயிற்சிக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, உள்ளாடையோடு எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. உடல் எடையில் இரண்டு விழுக்காட்டுக்கு மேல் குறைந்தவன், அதாவது 60 கிலோ எடையுள்ளவன் 1.2 கிலோவுக்கு மேல் இழந்திருந்தால், போதிய அளவு குடிக்கவில்லை. எடை கூடியிருந்தால் அவன் அளவுக்கு மேல் குடித்திருக்கிறான். அவனை உடனே நிறுத்துங்கள்.

உப்பைச் சாப்பாட்டிலிருந்தே பெறலாம். இரவே கரைத்து வைத்த கேழ்வரகுக் கூழில் மோரும் உப்பும் சேர்த்து, பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு சொம்பு குடித்துவிட்டு வருமாறு சொல்கிறேன். இங்கே தெலுங்கு பேசும் வீடுகளில் இதையே அம்பலி என்பார்கள். ஆக எல்லா வீட்டிலும் இருக்கும் பொருள். பயிற்சிக்குப் பின் உப்பிட்ட நீர்மோர். உப்பு மாத்திரைகளை விழுங்க வேண்டாம். அவை வயிற்றைப் புரட்டும்.

உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைப் பயன்படுத்தினால் அதில் எழுதியுள்ளபடி முழு லிட்டரில் கரைக்க வேண்டும். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் குடிப்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். அடர்த்தி மிகுந்த கரைசல் உடலின் நீரைக் குடலுக்குள் இழுத்து நிலைமையை மோசமாக்கும். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்த்துக் கலக்கலாம்.

7. உடையும் சுமையும்

பருத்தியோ, காற்றுப் புகும் மெல்லிய துணியோ, வெளிர் நிறத்தில், தளர்வாக இருக்கட்டும். எடை குறைக்க வேண்டும் என்று மழைக்கோட்டும் ஜெர்கினும் போட்டு ஓடுவதைக் கண்டால் அங்கேயே நிறுத்துங்கள். அப்படிக் குறைவது நீர் மட்டுமே. வியர்வை உலர வழியில்லாததால் உடல் வெப்பம் தடையின்றி ஏறும்.

குண்டு துளைக்காத கவச உடை அணிந்தால், நான்காவது படியில் கணக்கிட்ட அளவோடு 2.8 டிகிரியைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது படைக் கணக்கு. மணல் மூட்டை கட்டிய முதுகுப்பையும் முதுகின் பெரும்பகுதியை மூடிவிடுவதால், சுமையோடு நடக்கும் பயிற்சியைப் பழக்க நாட்கள் முடிந்த பின்னரே தொடங்குங்கள்.

8. நிற்பதிலும் ஆபத்து

அணிவகுப்பில் அசையாமல் நிற்பவனுக்கு ரத்தம் காலில் தேங்கி, தலைக்குக் குறைந்து, மயக்கம் வரும். முழங்காலை விறைப்பாக்காமல் சற்றுத் தளர்த்தி, காலணிக்குள் விரல்களை அசைத்துக்கொண்டிருக்கச் சொல்லிக் கொடுங்கள். விழுந்தவனைப் படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் இரண்டு நிமிடத்தில் தெளிவான். தெளியாவிட்டால் பத்தாவது படிக்குப் போங்கள்.

ஆள்சேர்ப்பு நாளிலும் இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. நள்ளிரவிலிருந்து வரிசையில் நின்று, வெறும் வயிற்றோடு, தூக்கமில்லாமல், தன் முறை வரும்போது வெயில் ஏறிய பின் ஓடுகிறார்கள். ஒரு நாள் முன்பே போய் அருகில் தங்கி உறங்குவதற்குப் பணம் ஒதுக்கி வையுங்கள் என்று ஒரு மாதம் முன்பே பெற்றோரிடம் சொல்லிவிடுகிறேன். தொப்பி, ஒரு லிட்டர் தண்ணீர், வாழைப்பழம், பொட்டலக் கடலை ஆகியவை பையில் இருக்க வேண்டும்.

9. முதல் அறிகுறியைப் பேச்சிலும் நடையிலும் காணுதல்

தசைப்பிடிப்பும் தலைவலியும் குமட்டலும் வெப்பச் சோர்வின் அடையாளங்கள். இவற்றோடு வருபவன் தெளிவாகப் பேசினால், நிழலில் படுக்க வைத்து, உடை தளர்த்தி, நனைத்து விசிறி, குடிக்கக் கொடுங்கள். தலைவலி, வாந்தியோடு வருபவன் ஏற்கெனவே நிறையத் தண்ணீர் குடித்து, தெளிந்த நிறத்தில் பலமுறை சிறுநீர் கழித்திருந்தால், மேலும் தண்ணீர் கொடுக்காமல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அது ஆறாவது படியில் சொன்ன சோடியக் குறைவாக இருக்கலாம்.

மூளை தடுமாறத் தொடங்கினால் அது வெப்பத் தாக்கு. தெலுங்கில் வடதெப்ப என்பார்கள். நேர்க்கோட்டில் ஓட முடியாமல் பக்கவாட்டில் சாய்வது, காரணமில்லாமல் கோபப்படுவது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது, எதிர்த்திசையில் ஓடத் தொடங்குவது ஆகியவற்றைக் காணும்போது உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கக்கூடும். சந்தேகம் வந்தால் மூன்று கேள்விகள்: உன் பெயர் என்ன, இது எந்த இடம், இன்றைக்கு என்ன கிழமை? இவற்றை அவன் வீட்டில் பேசும் மொழியில் கேளுங்கள். வீட்டில் தெலுங்கு பேசும் பையன் தமிழ்க் கேள்விக்குத் தயங்கினால் அது வெப்பத்தாலா, மொழியாலா என்று குழப்பம் வரும்; அந்தக் குழப்பத்துக்கு அங்கே நேரம் இல்லை.

"வியர்வை நின்று தோல் உலர்ந்தால்தான் வெப்பத் தாக்கு" என்ற தவறான நம்பிக்கையை மறந்துவிடுங்கள். வீட்டுக்குள் வெப்ப அலையில் வாடும் முதியவர்களிடம் அப்படி இருக்கலாம். ஓடி விழும் இளைஞன் பெரும்பாலும் வியர்வையில் நனைந்தே இருப்பான். அவன் ஈரமாக இருப்பதைப் பார்த்து "சாதாரண மயக்கம்தான்" என்று காத்திருப்பது, நான் கண்ட பிழைகளில் மிகக் கொடியது. நெற்றியிலோ அக்குளிலோ வைக்கும் வெப்பமானியும் ஏமாற்றும். தோல் குளிர்ந்திருக்கும்போதே உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும்.

10. விழுந்தால்: முதலில் குளிர்வித்தல், பிறகு கொண்டுசெல்லுதல்

மூச்சும் நாடியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் மார்பு அழுத்தம் கொடுப்பது முதல் வேலை. இருந்தால், ஒருவர் 108ஐ அழைக்கும்போதே மற்றவர்கள் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடுவதே நம் இயல்பு. விழுந்த பையனை ஆட்டோவில் ஏற்றி, நனைந்த கைக்குட்டையை நெற்றியில் வைத்தபடி போவார்கள். அந்தப் பயண நேரம் முழுவதும் அவன் மூளை வெந்துகொண்டிருக்கிறது.

காலணியையும் மேல் உடையையும் களையுங்கள். தார்ப்பாயில் படுக்க வைத்து, ஆறு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்துத் தொட்டி போலாக்கி, டிரம்மில் உள்ள தண்ணீரையும் ஐஸையும் ஊற்றுங்கள். ஒருவர் தலைப்பக்கம் நின்று, துண்டை அவன் மார்புக்குக் குறுக்காக அக்குள் வழியே கொடுத்துப் பிடித்து, முகம் நீருக்கு மேலே இருப்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓரத்தை ஆட்டி நீரைக் கலக்கிக்கொண்டே இருங்கள். உடலைச் சுற்றிய நீர் வெதுவெதுப்பானால் குளிர்விப்பது நின்றுவிடும்.

ஆட்கள் குறைவாக இருந்தால், ஐஸ் தண்ணீரில் முக்கிய விரிப்புகளால் உடல் முழுவதையும் மூடி, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஐஸே இல்லாவிட்டால் பம்புசெட் தண்ணீரை இடைவிடாமல் ஊற்றி வேகமாக விசிறுங்கள். நெற்றியிலும் கழுத்திலும் மட்டும் ஐஸ் வைப்பது போதாது.

எவ்வளவு நேரம்? உள்வெப்பத்தை முறையாக அளக்கத் தெரிந்த மருத்துவப் பணியாளர் இருந்தால் 39 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை. இல்லையென்றால் அவன் தெளிவாகப் பேசும்வரை. பொதுவாக 15 முதல் 20 நிமிடம் ஆகும். குளிர்விக்கும்போது கைகால்களை உதறினால் பயந்து வெளியே எடுத்துவிடாதீர்கள்; கட்டுப்படுத்திப் பிடித்துக்கொண்டு தொடருங்கள். ஆம்புலன்ஸ் வந்துவிட்டது என்பதற்காகவும் பாதியில் நிறுத்தாமல், "முதலில் குளிர்வித்துவிடுவோம், பிறகு கொண்டுபோவோம்" என்று அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

மயங்கியவன் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குப் போகும். வாந்தி எடுத்தால் பக்கவாட்டில் திருப்புங்கள். பாராசிட்டமால் கொடுக்க வேண்டாம். இது கிருமியால் வந்த காய்ச்சல் இல்லை என்பதால் அந்த மருந்து இங்கே வேலை செய்யாது, ஈரலுக்குக் கூடுதல் சுமையாகும். தெளிந்து எழுந்து உட்கார்ந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். தசை சிதைவும் சிறுநீரகப் பாதிப்பும் அடுத்த ஓரிரு நாட்களில் வெளிப்படக்கூடும். சிறுநீர் கறுத்த டீயின் நிறத்தில் போனால் அதன் அடையாளம்.

இந்தப் படியை மாதம் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். ஒருவனைப் படுக்க வைத்து, விசில் ஊதியதிலிருந்து உடல் முழுவதும் நனையும்வரை எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறியுங்கள். முதல் ஒத்திகையில் எங்களுக்குப் பதினொரு நிமிடம் ஆனது. தார்ப்பாய் பூட்டிய அறையில் இருந்தது.

11. அன்றைய பயிற்சியும், விழுந்தவன் திரும்புவதும்

ஒருவன் விழுந்தவுடன் அன்றைய பயிற்சி முழுவதையும் நிறுத்திவிட்டு, மற்ற எல்லோரையும் நிழலில் உட்கார வைத்து ஒவ்வொருவரிடமும் பேசுங்கள். அதே வெயில், அதே ஓட்டம், அதே தண்ணீர் கிடைத்த இன்னொருவன் அடுத்த பத்து நிமிடத்தில் விழலாம். 2013 ஜூலை 13 அன்று வேல்ஸ் நாட்டின் பிரெக்கன் பீக்கன்ஸ் மலையில் நடந்த படைத் தேர்வு நடையில் பங்கேற்றவர்களில் மூவர் வெப்பத்தால் உயிரிழந்தார்கள். நம் ஊர்க் கணக்கில் அது கடும் வெயிலே இல்லை.

வெப்பத் தாக்கிலிருந்து பிழைத்தவன் குறைந்தது ஒரு வாரம் எந்த உடற்பயிற்சியும் செய்யக் கூடாது. அதன்பின் ரத்தப் பரிசோதனையில் ஈரல், சிறுநீரகம், தசை தொடர்பான அளவுகள் இயல்புக்குத் திரும்பிவிட்டன என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால், முதலில் குளிர்ந்த நேரத்தில் நடை, பிறகு மெல்லோட்டம், அதற்குப் பின்னரே மூன்றாவது படியின் பதினான்கு நாட்களை முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். "பரவாயில்லை மாஸ்டர், அடுத்த வாரம் ஆள்சேர்ப்பு ரேலி இருக்கு" என்று அவன் கெஞ்சுவான், பெற்றோரும் சேர்ந்து கேட்பார்கள். அந்தச் சமயத்தில் மருத்துவரின் சீட்டைக் கேளுங்கள். சீட்டு கைக்கு வரும்வரை அவன் பெயரை ஓட்ட நோட்டில் எழுதாதீர்கள்.